அறுவைக்கூடத்துக் காற்றில் என்ன இருக்கிறது?

(மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் கிருமித் தொற்றும் குறித்துத் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



முழங்கால் வலியால் படியேற முடியாமல் தவிக்கும் ஒரு தாயாருக்கு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துவிடலாம் என்று குடும்பத்தில் முடிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் என்னென்ன கேட்பார்கள்? எவ்வளவு செலவாகும், எந்த மருத்துவர் கைராசிக்காரர், எந்த நாட்டு மூட்டு நீண்ட காலம் உழைக்கும், எத்தனை நாளில் எழுந்து நடக்கலாம் என்று கேட்பார்கள். எல்லாமே நியாயமான கேள்விகள்தாம். ஆனால், அந்த அறுவைக்கூடத்துக்குள் வரும் காற்று எப்படிப்பட்டது, அறுவை நடக்கும்போது அதன் கதவு எத்தனை முறை திறக்கப்படும் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதும் இல்லை.

கடந்த அறுபது ஆண்டுகளாக எலும்பு மருத்துவர்களிடையே மிகச் சூடாக விவாதிக்கப்பட்டு வரும் விஷயங்களில் ஒன்று இந்தக் காற்றுதான். கோடிக்கணக்கில் பணம் செலவழிக்கப்பட்டு, கட்டடங்களின் கூரைகளே மாற்றியமைக்கப்பட்டு, பின்னர் 2016ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், அந்தச் செலவில் ஒரு பகுதி தேவையில்லை என்று சொல்லும் அளவுக்கு இந்த விவாதம் போயிருக்கிறது. அது ஏன் அப்படியானது என்பதை விளங்கிக்கொண்டால், மருத்துவமனையில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் ஓரளவு விளங்கும்.

சில நூறு கிருமிகள் போதும்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பெரும்பாலானோருக்கு நல்ல பலனைத் தருகிறது. ஆழமான கிருமித் தொற்று ஏற்படுவது நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான். ஆனால் அந்த ஒருவருக்கு ஏற்படும் துன்பம் சாதாரணமானதல்ல. வயிற்றிலோ தோலிலோ ஏற்படும் தொற்றை மருந்து கொடுத்து அடக்கிவிடலாம். உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்ட கிருமியை அப்படி அடக்க முடியாது. அது தன்னைச் சுற்றிப் பசை போன்ற ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் பதுங்கிவிடுகிறது. இரத்தத்தில் வரும் மருந்து அந்தப் படலத்துக்குள் சரிவர நுழைவதில்லை. உடலின் வெள்ளணுக்களும் அங்கே தோற்றுப்போகின்றன.

ஆகவே பல நேரங்களில், போட்ட மூட்டையே கழற்றி எடுக்க வேண்டியதாகிறது. அந்த இடத்தில் கிருமி எதிர்ப்பு மருந்து கலந்த எலும்புச் சிமெண்டைத் தற்காலிகமாக வைத்து, பல வாரங்களுக்கு மருந்து கொடுத்து, கிருமி ஒழிந்ததென்று உறுதியான பிறகே மறுபடியும் புதிய மூட்டைப் பொருத்துகிறார்கள். நடக்கப்போகிறோம் என்ற நம்பிக்கையோடு படுத்தவர் மாதக்கணக்கில் கட்டிலிலும் ஊன்றுகோலிலும் காலத்தைக் கழிக்க நேர்கிறது.

இவ்வளவு பெரிய சேதத்தைச் செய்ய எத்தனை கிருமிகள் வேண்டும்? 1957ஆம் ஆண்டில் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். தாமாக முன்வந்தவர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ் பிடிப்பதற்குப் பல மில்லியன் கிருமிகள் தேவைப்பட்டன. ஆனால் அதே இடத்தில் ஒரு சிறு பட்டு நூல் தையல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானதாயின. அதாவது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு குறைவு. ஒரு நூலுக்கே இப்படியென்றால், ஓர் எஃகுத் தண்டும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் உடலுக்குள் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தால் என்னவாகும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். குடல்வால் அறுவையில் எந்தக் கெடுதலும் செய்யாமல் மறைந்துபோகும் சில கிருமிகள், மூட்டு மாற்றில் ஒரு குடும்பத்தையே அலைக்கழிக்க முடியும். காற்றைப் பற்றிய கவலை மற்ற அறுவை மருத்துவர்களைவிட எலும்பு மருத்துவர்களுக்கு அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

வெட்கப்பட்ட லிஸ்டர்

காற்றைச் சந்தேகித்தது புதிய செய்தியல்ல. கிருமிகள் காற்றில் மிதக்கின்றன என்ற லூயி பாஸ்டரின் கருத்தைப் படித்துத்தான் ஜோசப் லிஸ்டர் 1867இல் கார்பாலிக் அமிலத்தால் காயங்களைத் தூய்மை செய்யும் முறையை வெளியிட்டார். பின்னர் 1870களில் ஒருபடி மேலே போய், அறுவை நடக்கும் இடத்தைச் சுற்றி அந்த அமிலத்தைப் பனிபோல் தெளிக்கும் கருவியையும் பயன்படுத்தினார். மருத்துவரின் கையும் கண்ணும் எரிந்ததுதான் மிச்சம். 1890இல் பெர்லினில் நடந்த அனைத்துலக மருத்துவ மாநாட்டில், காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல இந்தத் தெளிப்பானைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுவதாக லிஸ்டரே சொல்லிவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிச் சொன்னபின் காற்றைப் பற்றிய அக்கறை வெகுவாகக் குறைந்தது. கை, கருவி, துணி ஆகியவற்றைத் தூய்மையாக வைத்துக்கொண்டால் போதும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. நடுவே 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டெரில் ஹார்ட் என்ற மருத்துவர் புற ஊதா விளக்குகளை வைத்துக் காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல முயன்றார். அதைப் பின்பற்றியவர்கள் அதிகமில்லை.

நிலைமையை மாற்றியவர் ஜான் சார்ன்லி.

இவர் இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர். காசநோயாளிகளுக்காகக் கட்டப்பட்டிருந்த ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கென்றே ஒரு மையத்தை உருவாக்கினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் இடுப்பு மூட்டு மாற்றத்துக்கு அவரே தந்தை என்று சொன்னால் மிகையாகாது. அவருடைய ஆராய்ச்சி தொடங்கியது ஒரு சத்தத்தில்தான். அக்ரிலிக் பந்து பொருத்தப்பட்ட ஒரு நோயாளி குனிந்து நிமிரும்போதெல்லாம் அவருடைய இடுப்பு கிறீச்சிடுமாம். அதைத் தாங்க முடியாமல் மனைவி அறையைவிட்டே போய்விடுவாராம். இந்தப் பேச்சைக் கேட்ட சார்ன்லி, உராய்வைக் குறைக்கும் வழியைத் தேடத் தொடங்கினார். முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பயன்படுத்தி, அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போய்த் தோல்வி கண்டார். 1962 நவம்பரில் பாலிஎத்திலீனுக்கு மாறிய பிறகே வெற்றி கிடைத்தது.

ஆனால் மூட்டு நன்றாக இருந்தும் அவருக்கு நிம்மதி இல்லை. தொடக்க ஆண்டுகளில் அவருடைய நோயாளிகளில் சுமார் 7 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டது. கைகளைக் கழுவியாயிற்று, கருவிகளை வேக வைத்தாயிற்று. பின் கிருமி எங்கிருந்து வருகிறது? கிருமி வளரும் தட்டுகளை அறுவைக்கூடத்தில் திறந்து வைத்துப் பார்த்தார். தட்டுகளில் கிருமிக் கூட்டங்கள் முளைத்தன. எதையும் தொடாத தட்டில் கிருமி விழுந்திருக்கிறது என்றால் அது காற்றிலிருந்துதானே விழுந்திருக்க வேண்டும்?

நூற்பாலைக்காரரின் உதவி

இந்த இடத்தில் கதைக்குள் வருகிறவர் மருத்துவர் அல்லர். லங்காஷயர் பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலைகளில் பஞ்சுத் தூசி பறக்காமல் காற்றை வடிகட்டி அனுப்பும் தொழிலைச் செய்துவந்த நிறுவனம் ஹோவர்த் என்பது. அதை நடத்திய ஹியூ ஹோவர்த்தும் சார்ன்லியும் சேர்ந்து, 1960களின் தொடக்கத்தில் அறுவைக்கூடத்துக்குள்ளேயே ஒரு சிறு அறையை அமைத்தார்கள். நோயாளியின் உடல் அந்த அறைக்குள் இருக்கும். தலை வெளியே, மயக்க மருந்து கொடுப்பவரிடம் இருக்கும். வடிகட்டிய காற்று மேலிருந்து கீழே இறங்கும். மருத்துவமனையில் அதைக் கண்ணாடி வீடு என்று அழைத்தார்களாம். பின்னர் வந்த மேம்பட்ட அமைப்பில் மணிக்கு 300 தடவை அந்த அறையின் காற்று மாறியது. பஞ்சுத் தூசியோடு போராடிய ஆலைத் தொழில்நுட்பம், மனித எலும்புக்குக் காவலாக வந்து நின்றது ஒரு சுவையான விஷயம்தான்.

அடுத்த கேள்வி, காற்றில் அந்தக் கிருமியைக் கொண்டு சேர்ப்பது யார்? 1962இல் டேவிஸ், நோபிள் என்ற ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். கிருமி தனியாகப் பறப்பதில்லை. மனிதத் தோலிலிருந்து உதிரும் மெல்லிய செதில்களின் மேல் ஏறிக்கொண்டு பறக்கிறது. மனிதர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சுமார் ஒரு கோடி செதில்களை உதிர்க்கிறார் என்பது பொதுவான கணக்கு. அவற்றில் ஒரு பங்கின் மேல் உயிருள்ள கிருமி இருக்கும். நடந்தால் அதிகமாக உதிரும், நின்றால் குறையும். பருத்தியாலான சாதாரண அறுவை உடையின் நெசவுத் துளைகள் இந்தச் செதில்களைவிடப் பல மடங்கு பெரியவை. குளித்துவிட்டு, சலவை செய்த உடையை அணிந்துகொண்டு வரும் மருத்துவரும் தாதியரும்கூடச் செதில்களை உதிர்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். ஆக, அறுவைக்கூடத்துக் காற்றை அசுத்தப்படுத்துவது தெருத் தூசி அல்ல. நோயாளிக்கு உதவி செய்ய வந்து நிற்கும் மனிதர்களே.

இதை உணர்ந்த சார்ன்லி, நெருக்கமாக நெய்யப்பட்ட துணியால் முழு உடலையும் மூடும் உடையைத் தைக்கச் செய்தார். அதற்குள்ளிருந்து காற்றை ஒரு குழாய் உறிஞ்சி வெளியே கொண்டுபோய்விடும். பார்ப்பதற்கு விண்வெளி வீரரின் உடையைப் போல இருக்கும் அது. மருத்துவரின் மூச்சும் செதிலும் அந்தக் குழாயோடு போய்விடும். உறிஞ்சும் குழாய் என்ற இந்த ஒரு விவரத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1972இல் சார்ன்லி தம் கணக்கை வெளியிட்டார். 5,800 இடுப்பு மூட்டு மாற்றங்களில், 7 விழுக்காடாக இருந்த தொற்று அரை விழுக்காடாகக் குறைந்திருந்தது. அதுவும் முன்கூட்டியே கிருமி எதிர்ப்பு மருந்து எதையும் கொடுக்காமல்!

ஆனால் மற்ற மருத்துவர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பத்து ஆண்டுகளில் சார்ன்லி காற்றை மட்டுமா மாற்றினார்? உடையை மாற்றினார், கையுறையை மாற்றினார், காயத்தைத் தைக்கும் முறையை மாற்றினார், அவருடைய கைத்திறனும் வளர்ந்தது. பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? இந்தச் சந்தேகம் பொறாமையால் எழுந்ததல்ல, முறையானதுதான்.

ஒரு பெரிய ஆய்வும் அதன் இரண்டாம் பாதியும்

அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கப் பிரிட்டனின் மருத்துவ ஆய்வு மன்றம் ஒரு மாபெரும் சோதனையை ஏற்பாடு செய்தது. ஓவன் லிட்வெல் தலைமையில் 19 மருத்துவமனைகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றங்கள் கணக்கெடுக்கப்பட்டன. எந்த நோயாளி எந்த வகை அறைக்குப் போகிறார் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 1982 ஜூலையில் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் முடிவு வெளிவந்தது. வழக்கமான காற்றோட்டத்தில் 4,133 அறுவைகளில் 63 பேருக்கு ஆழமான தொற்று. மிகத் தூய காற்றில் 3,922 அறுவைகளில் 23 பேருக்கு மட்டுமே. அதாவது பாதிக்கும் கீழே குறைந்தது. சார்ன்லி சொன்னது சரி என்று நிரூபணமானது. அடுத்த மாதமே, 1982 ஆகஸ்டில், அவர் காலமானார்.

இந்த முடிவை ஆதாரமாகக் காட்டித்தான் உலகின் பல நாடுகளில் மருத்துவமனைகள் மிகத் தூய காற்றுக் கூரைகளை அமைத்தன. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. கிருமி எதிர்ப்பு மருந்தை முன்கூட்டியே பெற்ற 5,831 பேரில் 34 பேருக்குத் தொற்று. பெறாத 2,221 பேரில் 52 பேருக்குத் தொற்று. விழுக்காட்டில் பார்த்தால் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு! மருந்து கொடுப்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கவில்லை என்பதால் இதை முழு நிரூபணமாகக் கொள்ள முடியாதென்று ஆய்வாளர்களே நேர்மையாக எழுதியிருந்தார்கள். இருந்தாலும், விலையுயர்ந்த கூரை சாதித்ததைக் காட்டிலும் கூடுதலாக ஒரு ஊசி மருந்து சாதித்திருக்கலாம் என்ற தடயம் அந்தப் பக்கங்களிலேயே கிடந்தது. கூரை விற்கும் நிறுவனங்கள் முதல் பாதியை எடுத்துக்காட்டியதில் வியப்பில்லை. அறுவை மருத்துவர்களும் அப்படியே செய்ததுதான் வியப்பு.

இப்போது இந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சாதாரண நவீன அறுவைக்கூடத்தில் வடிகட்டிய காற்று மணிக்குச் சுமார் 20 தடவை மாறும். உள்ளே காற்றழுத்தம் சற்று அதிகமாக வைக்கப்படும். அதனால் கதவிடுக்கில் காற்று வெளியே போகுமே தவிர, நடைகூடத்துக் காற்று உள்ளே வராது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது சிங்கப்பூர் மக்கள் எதிர்மறை அழுத்த அறைகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டார்கள். அங்கே நோயாளியிடமிருந்து மற்றவர்களைக் காப்பது நோக்கம், ஆகவே காற்று உள்ளே இழுக்கப்படும். அறுவைக்கூடத்தில் இது தலைகீழ். மற்றவர்களிடமிருந்து நோயாளியைக் காப்பது நோக்கம்.

மிகத் தூய காற்று முறையில், அறுவை மேசைக்கு நேர் மேலே கூரையில் பெரிய ஹெப்பா வடிகட்டி இருக்கும். அதன் வழியாகக் காற்று ஒரே சீராக, சுழலாமல், ஒரு திரைபோலக் கீழே இறங்கும். லேமினார் ஃப்ளோ என்று இதைச் சொல்வார்கள். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுக்கூடத்தில் வில்லிஸ் விட்ஃபீல்ட் என்ற இயற்பியலாளர், நுண்ணிய இயந்திரப் பாகங்களில் தூசி படியாமல் இருக்க இதே தத்துவத்தைக் கண்டறிந்திருந்தார். இந்த முறையில் ஒரு கனமீட்டர் காற்றில் பத்துக்கும் குறைவான கிருமித் துகள்களே இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் அளவுகோல். சாதாரணக் கூடத்தில் அறுவை நடக்கும்போது 180 வரை அனுமதிக்கப்படுகிறது.

காற்று தூய்மையாகிறது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. நோயாளி பிழைக்கிறாரா என்பதுதான் கேள்வி. இரண்டும் ஒன்றென்றே நீண்ட காலம் நம்பப்பட்டது.

கணக்கு மாறியது

2008இல் ஜெர்மனியிலிருந்து ஓர் அதிர்ச்சி வந்தது. 55 மருத்துவமனைகளில் நடந்த 99,230 அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, லேமினார் காற்று வசதியால் தொற்று குறைந்ததாகத் தெரியவில்லை. இடுப்பு மூட்டு மாற்றத்தில் கடுமையான தொற்று சற்று அதிகமாகவே இருந்தது. 2011இல் நியூசிலாந்தின் மூட்டுப் பதிவேட்டிலிருந்து மற்றொரு கணக்கு வந்தது. பத்தாண்டுகளில் நடந்த 51,485 இடுப்பு மூட்டு, 36,826 முழங்கால் மூட்டு மாற்றங்களைப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் தொற்றால் மறு அறுவை செய்ய நேர்ந்தவர்கள், லேமினார் கூடங்களிலும் விண்வெளி உடை அணிந்து செய்த அறுவைகளிலும் அதிகமாக இருந்தார்கள். 2016 நவம்பரில் உலகச் சுகாதார நிறுவனம், மூட்டு மாற்று அறுவைக்குத் தொற்றைக் குறைப்பதற்காக லேமினார் முறையைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்று பரிந்துரைத்தது. ஆதாரங்களின் தரம் குறைவு, ஆகவே இது நிபந்தனையுடன் கூடிய பரிந்துரைதான் என்றும் சேர்த்தே சொன்னது.

தூய்மையான காற்றால் எப்படித் தொற்று கூட முடியும்? இதற்குப் பல விளக்கங்கள் தரப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு ஆதாரம் இல்லை.

மேலிருந்து இறங்கும் காற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டருக்கும் குறைவு. வழியில் பெரிய விளக்கு குறுக்கிட்டால், அதன் அடியில் காற்று சுழலத் தொடங்கும். மருத்துவர் குனிந்து காயத்தை உற்றுப் பார்க்கும்போது அவருடைய தலை காற்றுக்கும் காயத்துக்கும் நடுவே வந்துவிடுகிறது. தலையில் பட்ட தூய காற்று, அங்குள்ள செதிலையும் அள்ளிக்கொண்டு நேரே காயத்தில் இறங்குகிறது. காலியான அறையில் சோதிக்கும்போது அற்புதமாக இயங்கும் கூரை, ஆறேழு பேர் சூழ்ந்து நிற்கும்போது அப்படியே இயங்குமென்று எதிர்பார்க்க முடியாது.

விண்வெளி உடையின் கதை இதைவிட முக்கியமானது. சார்ன்லியின் உடையில் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இருந்தது அல்லவா? பின்னாளில் சந்தைக்கு வந்த தலைக்கவசங்களில் அந்தக் குழாய் இல்லை. மருத்துவருக்குப் புழுக்கம் இல்லாமல் இருக்க, தலைக்கவசத்திலுள்ள சிறு விசிறி காற்றை உள்ளே ஊதுகிறது. ஊதிய காற்று எங்கே போகும்? உடையின் இடுக்குகள் வழியாக, கையுறையும் சட்டைக் கையும் சேரும் இடத்தில் வெளியே கசியும். தோற்றம் ஒன்றுதான், காற்றின் திசை நேரெதிர். சார்ன்லியின் பெயரால் விற்கப்பட்ட பொருளில் சார்ன்லியின் கருத்தே இல்லை என்பதுதான் உண்மை.

எண்ணிக்கையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போது அறுவைக்கு முன் கிருமி எதிர்ப்பு மருந்து கொடுப்பது எங்கும் வழக்கமாகிவிட்டது. தொற்று ஏற்கெனவே ஒரு விழுக்காட்டு அளவுக்குக் குறைந்துவிட்ட நிலையில், காற்றினால் மட்டும் வரும் நன்மையைக் கண்டுபிடிக்கப் பல்லாயிரம் நோயாளிகள் வேண்டும். மேலும், ஜெர்மனி, நியூசிலாந்துக் கணக்குகள் குலுக்கல் முறையில் எடுக்கப்பட்டவை அல்ல. வசதியான கூரை உள்ள பெரிய மருத்துவமனைக்குச் சிக்கலான நோயாளிகள் அதிகம் அனுப்பப்பட்டிருக்கலாம். அதனால்தான் பிரிட்டனில் இன்னும் மூட்டு மாற்றத்துக்கு மிகத் தூய காற்றுக் கூடங்களையே விரும்புகிறார்கள். ஆகவே லேமினார் கூரை கெடுதல் செய்கிறது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அது இருந்தாலே பாதுகாப்பு என்று முடிவு கட்டுவதும் அதே அளவு தவறு. உலகச் சுகாதார நிறுவனமும் வடிகட்டிய சாதாரண காற்றோட்டத்தை வேண்டாமென்று சொல்லவில்லை. சன்னலைத் திறந்து விசிறியைப் போட்டுக்கொண்டு மூட்டு மாற்றலாம் என்பது அதன் பொருளும் அல்ல.

அறுபது முறை திறந்த கதவு

கூரையைப் பற்றி இவ்வளவு விவாதித்தவர்கள் கதவைக் கவனிக்கத் தாமதித்துவிட்டார்கள். 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மூட்டு மாற்று அறுவையின்போது கதவு எத்தனை முறை திறக்கப்படுகிறது என்று எண்ணினார்கள். முதல்முறை மூட்டு மாற்றும் அறுவை ஒன்றுக்குச் சராசரியாக 60 தடவை! பழைய மூட்டை மாற்றும் மறு அறுவையில் 135 தடவை. ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறந்தால், உள்ளே அழுத்தத்தை எப்படிக் காப்பது? ஒவ்வொரு முறையும் ஒருவர் நடந்து வருகிறார், செதிலும் வருகிறது.

இத்தனை முறை ஏன் திறக்கிறார்கள்? அவசரத்துக்காக அல்ல. மறந்துபோன கருவியை எடுக்க, சரியான அளவு மூட்டைத் தேட, பணிமுறை மாற, யாரையோ ஏதோ கேட்க. கணிசமான பகுதி தவிர்க்கக் கூடியதே. எல்லா அளவு மூட்டுகளையும் முன்கூட்டியே உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டால், தகவலைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டால், வேடிக்கை பார்க்க வரும் பயிற்சி மாணவர்களின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தினால், கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். இதற்குப் புதிய கூரை வேண்டாம். ஆனால் பெரிய மருத்துவர் கதவைத் திறந்து உள்ளே வரும்போது, இளைய தாதி ஒருவர் அவரைத் தடுத்துச் சொல்லும் துணிவு வேண்டும். கூரை வாங்குவதைவிட அது சிரமமான காரியம் என்பதைப் பணியிடங்களை அறிந்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

காயத்தில் சேரும் கிருமி எந்த வழியாக வருகிறது என்று வைட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1982இல் கணக்கிட்டார்கள். சாதாரணக் காற்றோட்டத்தில் மிகப் பெரும் பகுதி காற்றிலிருந்துதான் வந்தது. அதில் சுமார் 30 விழுக்காடு நேராகக் காயத்தில் விழுந்தது. மீதி முதலில் கருவிகளின் மேலும் கைகளின் மேலும் விழுந்து, பிறகு காயத்துக்குள் போனது. அப்படியானால் கருவித் தட்டைச் சீக்கிரமே திறந்து வைக்காமல் இருப்பதும், திறந்த தட்டைத் துணியால் மூடி வைப்பதும்கூடக் காற்றைத் தூய்மைப்படுத்துவதற்கு ஈடான வேலைகள்தாம்.

நமது வட்டாரத்தில் இன்னொரு கவலையும் உண்டு. ஆண்டு முழுதும் ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் காற்றை வடிகட்டினால் மட்டும் போதாது, உலர்த்தவும் வேண்டும். உலர்த்தும் அமைப்பு பழுதானால் காற்றுக் குழாய்களிலும் கூரையிலும் நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதும் குழாய்களைச் சோதிப்பதும் விளம்பரத்துக்கு உதவாத, மின்னாத வேலைகள். ஆனால் அவற்றைச் செய்யும் பராமரிப்பு ஊழியரும் மூட்டு மாற்றுக் குழுவில் ஒருவர்தான்.

அறையை மிகவும் குளிர வைப்பதும் நல்லதல்ல. கனத்த உடை அணிந்த மருத்துவருக்குக் குளிர் இதமாக இருக்கும், மயங்கிக் கிடக்கும் நோயாளியின் உடலோ சூட்டை இழந்துகொண்டிருக்கும். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், குடல் அறுவை செய்துகொண்டவர்களில் உடல் குளிர்ந்தவர்களுக்கு 19 விழுக்காடும், உடல் வெப்பம் காக்கப்பட்டவர்களுக்கு 6 விழுக்காடும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. இதற்காகப் பயன்படுத்தும் சூடான காற்றை ஊதும் போர்வை, மேலிருந்து இறங்கும் காற்றைக் குலைக்கிறதா என்று தனியாக ஒரு சர்ச்சை நடந்துவருகிறது. அந்தப் போர்வையால் தொற்று கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். கூரை எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்பதில் பெரிய பயனில்லை. இந்த மருத்துவமனையில் ஓராண்டில் எத்தனை மூட்டு மாற்றங்கள் நடக்கின்றன, அவற்றில் எத்தனை பேருக்கு ஆழமான தொற்று ஏற்பட்டது என்று தயங்காமல் கேட்கலாம். நோயாளியைக் கணக்கெடுத்ததால்தான் ஜெர்மனியும் நியூசிலாந்தும் உண்மையைக் கண்டுபிடித்தன. காற்றை மட்டும் அளந்துகொண்டிருந்தால் கண்டுபிடித்திருக்க முடியாது. கேள்வியைக் கேட்டதும் மருத்துவர் முகம் சுளித்தால், அதுவும் ஒருவகைப் பதில்தான்.

நோயாளியின் பங்கும் சிறியதல்ல. அறுவைக்கூடத்தில் இருக்கும் தோல்களில் ஒன்று அவருடையது. மலேசியாவின் தேசியச் சுகாதார ஆய்வுகளில் இந்திய வம்சாவளியினரிடையேதான் நீரிழிவு அதிகமாகக் காணப்படுகிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குச் செயற்கை மூட்டில் தொற்று ஏற்படும் அபாயம் கூடுதல். சர்க்கரையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள், அறுவையைத் தள்ளி வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், அவர் அலைக்கழிக்கிறார் என்று கோபிக்கக் கூடாது. காலில் ஆறாத புண், சொத்தைப் பல், சிறுநீர் எரிச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். புகைப்பதைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்துவது நல்லது.

சிலருடைய மூக்கினுள் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கும். 2010இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், அத்தகையவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, மூக்கில் மருந்து தடவி, கிருமிநாசினி சோப்பால் குளிக்கச் செய்தபோது, அந்தக் கிருமியால் வரும் தொற்று 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தது. மூக்கில் பஞ்சு விட்டு எடுக்கும் அந்தச் சோதனை வலிக்காது. மருத்துவமனை அதைச் செய்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இன்னொரு பழக்கமும் நம்மவர்களிடம் இருக்கிறது. அறுவைக்கு முதல் நாள் வீட்டிலேயே சவரக் கத்தியால் காலை மழித்துக்கொண்டு, சுத்தமாக வந்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள். கத்தி பட்ட தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், அவற்றில் இரவோடு இரவாகக் கிருமி பெருகும். முடியை அகற்ற வேண்டிய அவசியம் இருந்தால், மருத்துவமனையிலேயே கத்தரிக்கும் மின்கருவியால் எடுத்துவிடுவார்கள். வீட்டில் குளித்துவிட்டு, துவைத்த உடையோடு வந்தால் போதும்.